உரிமைக்கும் பெறுதலுக்கும் இடையில்: பிரித்தானியாவில் ஏழை வாடகைதாரர்க்கான வாடகை உதவியும் உரிமைகோரல் துணையும் (1915–2025)

ஆய்வுச் சுருக்கம்

குறைந்த வருவாயுடைய வாடகைதாரர்க்கு அரசு வாடகை உதவி வழங்கும் முறை பிரித்தானியாவில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலத்தில் உருப்பெற்றது. இம்முறையின் வரலாறு பெரும்பாலும் சட்டங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. சட்டம் தந்த உரிமை வாடகைதாரரின் கையில் பணமாக வந்து சேர்ந்த வழியை, அதாவது விண்ணப்பம், காலக்கெடு, மேல்முறையீடு, அவற்றில் துணைநின்ற ஆலோசனைப் பணி ஆகியவற்றை முதன்மைப்படுத்தி இக்கட்டுரை அவ்வரலாற்றை ஆராய்கிறது. உதவித்தொகை வந்து சேரும் காலத்திற்கும் வாடகை நிலுவைக்காக வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் காலத்திற்கும் உள்ள உறவே இம்முறையின் மையச் சிக்கல் என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: வாடகை உதவி, ஹவுசிங் பெனிஃபிட், வருவாய்ச் சோதனை, நலன்புரி உரிமை, வாடகை நிலுவை, ஏதிலியர்

முன்னுரை

தமிழ்நாட்டில் ‘வீட்டு வாடகைப்படி’ என்றால் அரசு ஊழியரின் ஊதியத்தில் ஒரு கூறு என்றே பொருள்கொள்வர். பணியில் இருப்பவர்க்கு, அவர் கேளாமலே, மாதந்தோறும் ஊதியத்துடன் சேர்ந்து வருவது அது. பிரித்தானியாவில் ‘ஹவுசிங் பெனிஃபிட்’ எனப்படும் வாடகை உதவித்தொகை தன்மையில் இதற்கு முற்றிலும் மாறானது. அதனைப் பெற வேண்டியவர் கேட்டாக வேண்டும். தம் வருவாயையும் சேமிப்பையும் உடன் வசிப்போரையும் சான்றுகளுடன் காட்டியாக வேண்டும். சூழல் மாறும்போதெல்லாம் மீண்டும் அறிவித்தாக வேண்டும். ஒரு படிவம் தவறினால் உரிமை சட்டப்புத்தகத்தில் அப்படியே இருக்கும், வீடு இராது.

இவ்வேறுபாடு கருதியே ‘படி’ என்னும் சொல்லைத் தவிர்த்து ‘வாடகை உதவி’ என்னும் தொடர் ஈண்டு ஆளப்படுகிறது. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட குறிப்பிட்ட திட்டத்தைச் சுட்டும் இடங்களில் மட்டும் ‘ஹவுசிங் பெனிஃபிட்’ என்னும் பெயரே வழங்கப்படுகிறது.

வாடகையைத் தடுத்தலும் வாடகையைக் கழித்தலும்

முதல் உலகப் போரின்போது கிளாஸ்கோ நகரின் கப்பல் கட்டும் தொழிற்பகுதிகளில் தொழிலாளர் பெருகினர், வீடுகள் பெருகவில்லை. வீட்டுரிமையாளர்கள் வாடகையை உயர்த்தினர். கோவன் பகுதியில் மேரி பார்பர் முதலிய பெண்கள் முன்னின்று நடத்திய வாடகை மறுப்புப் போராட்டம் 1915ஆம் ஆண்டின் இறுதியில் நகரெங்கும் பரவியது. வாடகை செலுத்தாத தொழிலாளர்மீது தொடரப்பட்ட வழக்கு நவம்பர் 17 அன்று விசாரணைக்கு வந்தபோது ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றத்தின் முன் திரண்டனர். அவ்வாண்டு முடிவதற்குள் நாடாளுமன்றம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றி, சிறு வீடுகளின் வாடகையைப் போர் தொடங்கிய காலத்து அளவில் நிறுத்தியது.

இச்சட்டத்தில் வாடகைதாரர் எதையும் விண்ணப்பித்துப் பெற வேண்டியதில்லை என்பது கருதத்தக்கது. கட்டுப்பாடு வீட்டின்மீது விதிக்கப்பட்டதேயன்றி, குடியிருப்பவரின் வறுமை சோதிக்கப்படவில்லை. பின்னாளில் வந்த உதவித் திட்டங்கள் யாவற்றிலிருந்தும் 1915ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரித்துக் காட்டும் கூறு இதுவேயாகும்.

வறுமையைச் சோதித்து வாடகையைக் குறைக்கும் முறை 1930ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தோடு தொடங்குகிறது. சேரிகளை அகற்றி அங்கிருந்தோரைப் புதிய வீடுகளில் குடியேற்றிய உள்ளூராட்சி மன்றங்கள், புதிய வாடகையைத் தாங்க இயலாதவர்க்குக் கழிவு தர இச்சட்டம் இடமளித்தது. லீட்ஸ் நகரில் ஹோல்பெக் பங்கின் திருச்சபைக் குருவும் தொழிற்கட்சி மன்ற உறுப்பினருமான சார்லஸ் ஜென்கின்சன் இதனை அதன் எல்லைவரை கொண்டுசென்றார். 1934இல் அவர் செயற்படுத்திய திட்டத்தில் நகரமன்ற வீடுகள் அனைத்துக்கும் முழு வாடகை விதிக்கப்பட்டது. குடும்ப வருவாய்க்கேற்ப அதில் கழிவு வழங்கப்பட்டது. மிக வறியோர் வாடகையே செலுத்த வேண்டியதில்லை.

திட்டத்தின் அறநோக்கில் ஐயமில்லை. ஆயினும் அதனை எதிர்த்தவர்களில் நகரமன்ற வாடகைதாரரே முன்னின்றனர். ஓரளவு வருவாயுடையோர்க்கு வாடகை உயர்ந்தது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் ஆழமானது. 1931 முதல் வேலையற்றோர்க்கான உதவியில் குடும்ப வருவாய்ச் சோதனை நடைமுறையில் இருந்தது. மகனின் கூலியையும் மகளின் கூலியையும் கணக்கிட்டுத் தந்தையின் உதவித்தொகையைக் குறைத்த சோதனை அது. வீடு தேடி வந்து வருவாயை வினவும் அலுவலர் எந்தத் துறையைச் சேர்ந்தவராயினும், மக்கள் மனத்தில் அவர் அந்தச் சோதனையின் ஆளே. 1935ஆம் ஆண்டு மன்றத் தேர்தலில் தொழிற்கட்சி லீட்ஸில் தோற்றது. பர்மிங்காமில் 1939இல் வருவாய்ச் சோதனையோடு கூடிய கழிவுத் திட்டத்தை எதிர்த்து நகரமன்ற வாடகைதாரர் பெருந்திரளாக வாடகை மறுப்பில் இறங்கினர். ஏழைக்குக் கழிவு தரும் திட்டத்தை ஏழைகள் வாழும் குடியிருப்புகளே எதிர்த்ததை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. உதவியின் விலையாகக் கேட்கப்பட்ட வெளிப்படுத்தலை அவர்கள் எடைபோட்டுப் பார்த்தனர் என்பதே பொருத்தமான விளக்கம்.

பெவரிட்ஜ் விட்டுவைத்த கணக்கு

1942ஆம் ஆண்டு பெவரிட்ஜ் அறிக்கை சமூகக் காப்பீட்டின் அடிப்படை ஆவணம். நோய், வேலையின்மை, முதுமை ஆகியவற்றுக்கு ஒரே சீரான தொகை என்னும் கொள்கையின்மேல் அது கட்டப்பட்டது. அக்கொள்கை வாடகையில் வந்து முட்டியது. உணவுக்கும் உடைக்கும் ஆகும் செலவு ஊருக்கு ஊர் பெரிதும் மாறுவதில்லை. வாடகையோ லண்டனில் ஒன்று, ஸ்காட்லாந்தில் மற்றொன்று. ஒரே தெருவில்கூட இரு வீடுகளுக்கு இரு வாடகை. பெவரிட்ஜ் இச்சிக்கலை அறிந்தே தம் அறிக்கையில் வாடகைக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கினார். ஒரு குடும்பத்துக்கு வாரம் 10 ஷில்லிங் என்னும் சராசரியைச் சேர்த்துக்கொண்டு, ஒரே சீரான தொகை என்னும் கொள்கையைக் காத்தார்.

இதன் விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. சராசரிக்கு மேல் வாடகை செலுத்தியோர்க்குக் காப்பீட்டுத் தொகை போதவில்லை. அவர்கள் 1948ஆம் ஆண்டுத் தேசிய உதவிச் சட்டத்தின்கீழ் அமைந்த வாரியத்தை நாடினர். அவ்வாரியம் உண்மையான வாடகையைக் கணக்கில்கொண்டு உதவி வழங்கியது. ஏழைகள் சட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்ததும் இதே 1948ஆம் ஆண்டுச் சட்டமே. எனினும் வருவாய்ச் சோதனை தொடர்ந்தது. ஓய்வூதியம் பெற்ற முதியோர் பலர் தமக்கு உரிய துணைத்தொகையைக் கேட்க முன்வரவில்லை. இது 1960களில் அரசின் சொந்தக் கணக்கெடுப்பாலேயே உறுதியாயிற்று.

1966இல் தேசிய உதவி ‘துணை உதவித்தொகை’ எனப் பெயர் மாறியது. அது உரிமை என்று சட்டத்தில் எழுதப்பட்டது. முதியோர்க்கு ஓய்வூதியத்தையும் துணைத்தொகையையும் ஒரே பணவிடைப் புத்தகத்தில் சேர்த்து வழங்கினர். அஞ்சலக வரிசையில் நிற்பவர் எதைப் பெறுகிறார் என்பது பிறர்க்குத் தெரியாமற்போயிற்று. சட்டத்தின் முன்னுரையில் ‘உரிமை’ என்னும் சொல்லைச் சேர்த்ததைவிட, இரு புத்தகங்களை ஒன்றாக்கிய இச்சிறு ஏற்பாடு முதியோர் மனத்தில் மிகுதியாகச் செயல்பட்டிருக்கக்கூடும்.

உரிமை உண்டு, பெறுநர் இல்லை

1965ஆம் ஆண்டு டிசம்பரில் பிரையன் ஏபெல்-ஸ்மித்தும் பீட்டர் டவுன்சென்டும் எழுதிய ‘ஏழைகளும் மிக ஏழைகளும்’ என்னும் ஆய்வு வெளிவந்தது. நலன்புரி அரசு வறுமையை ஒழித்துவிட்டது என்னும் நம்பிக்கையை அது தகர்த்தது. குழந்தை வறுமைச் செயற்குழு அவ்வாண்டிலேயே தோன்றியது. அடுத்த ஆண்டு நவம்பரில் வீடிழந்த ஓர் இளங்குடும்பத்தின் கதையான ‘கேத்தி கம் ஹோம்’ தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. டிசம்பரில் ‘ஷெல்டர்’ அமைப்பு தொடங்கப்பட்டது. வாடகை உதவியின் வரலாற்றில் இவ்வமைப்புகளின் இடம் கொள்கை வற்புறுத்தலோடு நிற்பதன்று. குழந்தை வறுமைச் செயற்குழுவின் முதற்செயலாளர் டோனி லைன்ஸ் துணை உதவித்தொகைக்கு எழுதிய வழிகாட்டி 1972இல் பெங்குவின் நூலாக வெளிவந்தது. அலுவலர் மட்டுமே அறிந்திருந்த விதிகளை உதவி கேட்பவர் மேசையின் மறுபக்கத்திலிருந்து படிக்க முடிந்தது. செயற்குழு ஆண்டுதோறும் புதுப்பித்து வெளியிட்ட கையேடுகள் ஆலோசனை நிலையங்களின் அன்றாடக் கருவியாயின.

ஆலோசனை நிலையங்கள் அதற்கு முன்பே இருந்தன. குடிமக்கள் ஆலோசனை நிலையங்கள் 1939 செப்டம்பரில், போர் அறிவிக்கப்பட்ட மறுநாளே, திறக்கப்பட்டவை. பங்கீட்டு அட்டை, காணாமற்போன உறவினர், குண்டுவீச்சில் வீடிழந்தோர் என்பன அவற்றின் தொடக்ககாலப் பணி. 1970இல் வடக்கு கென்சிங்டனில் முதலாவது சமூகச் சட்ட மையம் தோன்றியது. உதவி பெறுவோர் தாமே அமைத்த சங்கங்கள் 1960களின் இறுதியில் பர்மிங்காமிலிருந்து பரவின. இம்மூன்றின் மனப்பாங்கும் ஒன்றன்று. முதலாவது தகவல் தந்தது, இரண்டாவது வழக்காடியது, மூன்றாவது அலுவலகத்தின் உள்ளேயே அமர்ந்து கேள்வி கேட்டது. ஆயினும் மூன்றுக்கும் பொதுவான ஒரு பணி இருந்தது: படிவம் நிரப்புதல்.

அப்படிவங்கள் பெருகியது 1972ஆம் ஆண்டு வீட்டுவசதி நிதிச் சட்டத்தால். கன்சர்வேட்டிவ் அரசின் இச்சட்டம் நகரமன்ற வாடகைகளை ‘நியாய வாடகை’ அளவுக்கு உயர்த்தியது. அதற்கு ஈடாக நாடு முழுமைக்கும் கட்டாயமான வாடகைக் கழிவுத் திட்டத்தை விதித்தது. தனியார் வீடுகளில் தளவாடமின்றிக் குடியிருந்தோர்க்கும் முதன்முறையாக வாடகை உதவி கிடைத்தது; தளவாடமுள்ள வீடுகளில் இருந்தோர்க்கு 1973இல் அது நீட்டிக்கப்பட்டது. வாடகையை உயர்த்த மறுத்த டெர்பிஷயரின் கிளே கிராஸ் மன்ற உறுப்பினர் பதினொருவர்மீது தண்டத்தொகை விதிக்கப்பட்டுப் பதவி பறிக்கப்பட்டது பெரிதும் பேசப்பட்ட நிகழ்வு. அந்த எதிர்ப்பின் புகழ்நிழலில், சட்டத்தின் மறுபாதியான உதவித் திட்டம் யாரைச் சென்றடைந்தது என்னும் வினா வரலாற்றாசிரியர் கவனத்தைப் போதிய அளவு பெறவில்லை.

நகரமன்ற வாடகைதாரர்க்குக் கழிவு பெறுதல் ஓரளவு எளிது. வீட்டுரிமையாளரும் உதவி வழங்குபவரும் ஒரே மன்றம். வாடகைப் புத்தகத்தில் தொகை குறைந்தால் போதும். தனியார் வாடகைதாரரின் நிலை வேறு. தம் வாடகையையும் வீட்டுரிமையாளர் பெயரையும் அவர் மன்றத்திடம் தெரிவிக்க வேண்டியிருந்தது. வாடகை மிகை என மன்றம் கருதினால் வாடகை அலுவலர் தலையிடுவார். வீட்டுரிமையாளர் சினம் கொள்வார். தளவாடமுள்ள வீடுகளில் குடியிருந்தோர்க்கு 1974ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வரும்வரை வெளியேற்றத்துக்கு எதிரான முழுப் பாதுகாப்பு இல்லை. எனவே 1973இல் உதவி கேட்கத் தகுதி பெற்ற ஒருவர், கேட்டதன் காரணமாகவே வீட்டை இழக்கக்கூடிய நிலை இருந்தது. தனியார் வாடகைதாரரில் உதவி பெற்றோர் தொகை மிகக் குறைந்திருந்ததற்கு விளம்பரக் குறைவை மட்டும் காரணம் காட்டிய அக்கால அலுவல்சார் விளக்கங்கள் இதனைக் காணத் தவறின.

இரு அலுவலகங்களுக்கு இடையில்

1970களின் இறுதியில் ஒரே வாடகைக்கு உதவி தரும் இரு வழிகள் இருந்தன. துணை உதவித்தொகை அலுவலகம் ஒன்று, உள்ளூராட்சி மன்றம் மற்றொன்று. எது தமக்கு மேலானது என்பதை வாடகைதாரரே கணக்கிட்டுத் தேர வேண்டும். இக்கணக்கு அலுவலர்க்கே எளிதாயிருக்கவில்லை. தவறான வழியைத் தேர்ந்தோர் வாரந்தோறும் இழந்தனர். டேவிட் டானிசன் தலைமையிலான துணை உதவித்தொகை ஆணையம் இவ்விரண்டையும் ஒன்றாக்குமாறு வலியுறுத்தி வந்தது.

1982ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்பு மற்றும் ஹவுசிங் பெனிஃபிட் சட்டம் அவற்றை ஒன்றாக்கிப் பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. அவ்வாண்டு நவம்பரில் ஒரு பகுதியும் 1983 ஏப்ரலில் முழுமையுமாகத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒன்றாக்கம் பெயரளவில் நின்றது. துணை உதவித்தொகை பெறுவோர்க்கு மத்திய அலுவலகம் சான்றிதழ் அனுப்ப வேண்டும். அது வந்த பின்னரே மன்றம் தொகை வழங்கும். சான்றிதழ் தாமதித்தால் மன்றம் அலுவலகத்தையும், அலுவலகம் மன்றத்தையும் கைகாட்டின. சிலர்க்கு மூன்றாவதாக ஒரு துணைத்தொகையும் கணக்கிடப்பட்டது. நலன்புரி அரசின் வரலாற்றிலேயே பெரிய நிர்வாகத் தோல்விகளுள் ஒன்று என்று பத்திரிகைகள் எழுதின. அரசு மறுஆய்வுக் குழுவை அமைத்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி 1988 ஏப்ரலில் திட்டம் எளிமையாக்கப்பட்டது. எளிமைக்கு ஈடாகத் தாராளம் குறைந்தது: வரையறுத்த அளவுக்கு மேல் ஈட்டும் ஒவ்வொரு பவுண்டு நிகர வருவாய்க்கும் 65 பென்ஸ் வாடகை உதவி கழிக்கப்பட்டது.

இக்காலத்தே உள்ளூராட்சி மன்றங்கள் சில தம் குடிமக்களுக்குத் தாமே ஆலோசகரை அமர்த்தின. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் வட்டார மன்றம் 1980களில் நடத்திய உரிமைகோரல் இயக்கங்கள் இவ்வகையில் முன்னோடியாகும். மத்திய அரசு கழித்ததை உள்ளூர் அரசு தேடிக் கொடுத்த விந்தையான காலம் அது.

எட்டு வாரம்

1988ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் 1989 ஜனவரி 15 முதல் புதிய தனியார் குத்தகைகளை வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. 1915இல் தொடங்கிய வரலாற்றின் ஒரு பகுதி அன்றோடு முடிந்தது. சந்தை வாடகையைச் செலுத்த இயலாதவரின் சுமையை ஹவுசிங் பெனிஃபிட் தாங்கும் என்பது அரசின் நிலைப்பாடு. அரசு வீட்டின்மீது வைத்திருந்த கையை எடுத்து, குடியிருப்பவரின் படிவத்தின்மீது வைத்தது எனலாம்.

இச்சட்டத்தின் இணைப்பில் எட்டாவது காரணம் என ஒன்று உள்ளது. குறிப்பிட்ட அளவு வாடகை நிலுவையாயின், நோட்டீஸ் தரும் நாளிலும் விசாரணை நாளிலும் அந்நிலுவை இருப்பின், நீதிபதி வெளியேற்ற ஆணை பிறப்பித்தே ஆக வேண்டும். நிலுவைக்கு யார் காரணம் என்று அவர் பார்க்க வேண்டியதில்லை. வார வாடகையாளர்க்கு முதலில் 13 வாரமாக இருந்த இவ்வளவை 1996ஆம் ஆண்டுச் சட்டம் 8 வாரமாகக் குறைத்தது. மறுபுறம், ஹவுசிங் பெனிஃபிட் விதிகளின்படி, 8 வார வாடகை நிலுவையானால் மன்றம் உதவித்தொகையை நேரடியாக வீட்டுரிமையாளர்க்கே செலுத்த வேண்டும். இவ்விரு விதிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது: பாதுகாப்பு செயல்படத் தொடங்கும் நாளும் வெளியேற்றம் கட்டாயமாகும் நாளும் ஒன்றே.

மன்றங்கள் விண்ணப்பத்தை முடிவுசெய்ய 14 நாள் என விதி கூறியது. நடைமுறையில் நெருக்கடி மிக்க மன்றங்களில் மாதங்கள் ஆயின. 1990களின் இறுதியில் மோசடித் தடுப்புக்கென வந்த சரிபார்ப்பு நடைமுறை மூல ஆவணங்களை வற்புறுத்தியதால் தாமதம் மேலும் கூடியது. ஆலோசகர்கள் இங்கு ஒரு விதியைக் கருவியாக்கினர். தனியார் மற்றும் வீட்டுவசதிச் சங்க வாடகைதாரரின் விண்ணப்பத்தை, அவர் தரப்பில் குறையின்றியும், 14 நாளில் முடிக்க இயலாவிடின், மன்றம் ஓர் இடைக்காலத் தொகையை வழங்கியாக வேண்டும் என்று 1987ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கூறின. அது மன்றத்தின் விருப்பம் அன்று, கடமை. மன்றங்கள் பல இதனைத் தாமாகச் செய்யவில்லை. விதி எண்ணைக் குறிப்பிட்ட ஒரு கடிதம் சென்றபின் செய்தன. வாடகைதாரர்க்குத் துணைநிற்றல் என்பது பல வேளைகளில் இந்த ஒரு பக்கக் கடிதமே. அதனை எழுதத் தெரிந்தவர் அருகில் இருந்தாரா இல்லையா என்பதில் ஒரு குடும்பத்தின் வீடு தொங்கியது.

தக்க காரணமும் சார்பற்ற தீர்ப்பும்

உதவித்தொகை ஒருமுறை வழங்கப்பட்டால் தொடர்ந்து வருவதன்று. 2004 வரை, அதிகபட்சம் 60 வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. புதுப்பிப்புத் தவறியவர், தாமதத்துக்குத் ‘தக்க காரணம்’ காட்டினால் ஓராண்டுவரை முன்தேதியிட்டுத் தொகை பெறலாம். ஒருவரது வயது, பட்டறிவு, உடல்நிலை, பெற்ற தகவல், பெற்றிருக்கக்கூடிய தகவல் ஆகியவற்றை நோக்க, நியாயமான மனிதர் ஒருவர் அவ்வாறே நடந்திருப்பாரா என்பது தக்க காரணத்தின் அளவுகோல். சட்டம் தெரியாது என்பது மட்டும் போதாது. ஆலோசகர்கள் எழுதிய முறையீடுகளில் மனித வாழ்வின் துயரங்கள் இந்த அளவுகோலுக்குள் வெட்டிப் பொருத்தப்பட்டன: மனச்சோர்வு, மரணம், மொழியறியாமை, அலுவலரின் தவறான சொல்.

இம்முறையீட்டை விசாரித்தது யார்? 2001 வரை, அந்தந்த மன்றத்தின் உறுப்பினர்களே அமர்ந்த மறுஆய்வு வாரியம். முன்தேதியிட்டு வழங்கும் தொகைக்கு மத்திய அரசின் மானியம் குறைவாகவே கிடைத்ததால், வாரியம் வாடகைதாரர் பக்கம் முடிவெடுத்தால் மன்றத்தின் கருவூலத்துக்கு இழப்பு. வழக்கின் ஒரு தரப்பே நீதிபதியாகவும் அமர்ந்த இவ்வேற்பாடு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது.

1993இல் எத்தியோப்பியாவிலிருந்து வந்து அடைக்கலம் கோரிய ஒரு பெண், மேற்கு லண்டனின் ஹாமர்ஸ்மித்–ஃபுல்ஹாம் மன்ற எல்லைக்குள் வீட்டுவசதிச் சங்க வீட்டில் குடியிருந்தார். ஆங்கிலமும் உதவித்தொகை முறையும் அவருக்குப் பழக்கமற்றவை. புதுப்பிப்புப் படிவம் உரிய காலத்தில் சேரவில்லை; நிலுவைக் கடிதம் வந்தபோதே செய்தி தெரியவந்தது. சட்ட ஆலோசனை நிலையத்தின் துணையுடன் அவர் முன்தேதியிட்ட தொகையைக் கோரினார். 1999இல் மன்ற உறுப்பினர் மூவர் அமர்ந்த வாரியம், மன்றத்தின் கடிதங்கள் எவையும் வரவில்லை என்னும் அவர் கூற்றை நம்பவில்லை. உள்நாட்டு நீதிமன்றம் சட்டப்பிழை உண்டா என்று மட்டுமே பார்க்க இயலும். ஒருவர் சொல் நம்பத்தக்கதா என்பதை மீண்டும் ஆராய அதற்கு இடமில்லை. வழக்கு ஸ்ட்ராஸ்பர்க் சென்றது. 2006 நவம்பர் 14 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சார்பற்ற தீர்ப்பாயத்தின் முன் நியாயமான விசாரணை பெறும் உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வந்தபோது வாரியங்கள் இல்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2001 ஜூலை முதல் அவற்றின் இடத்தில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயங்கள் வந்துவிட்டன. ஆயினும் ஒரு படிவம் அஞ்சலில் சேர்ந்ததா என்னும் மிகச் சிறிய வினா அடிப்படை மனித உரிமையின் வினாவாக ஏற்கப்பட்டது என்ற வகையில் இத்தீர்ப்பு நலன்புரி உரிமை வரலாற்றில் தனியிடம் பெறுகிறது.

ஏதிலியரும் 1948ஆம் ஆண்டுச் சட்டமும்

1983க்குப் பின் பிரித்தானியாவில் அடைக்கலம் கோரியோரில் ஈழத் தமிழர் குறிப்பிடத்தக்க பிரிவினர். லண்டனின் நியூஹாம் முதலிய பகுதிகளில் தனியார் வாடகை வீடுகளில் அவர்கள் குடியேறினர். ‘ஹவுசிங் பெனிஃபிட்’, ‘கவுன்சில்’ என்பன புலம்பெயர்ந்தோர் பேச்சுத்தமிழில் மொழிபெயர்ப்பின்றி நிலைத்ததே அவை அன்றாட வாழ்வில் பெற்ற இடத்துக்குச் சான்று. நியூஹாமின் தமிழர் நலன்புரிச் சங்கம் போன்ற அமைப்புகள் குடிவரவு ஆலோசனையோடு வீடு, உதவித்தொகை ஆகியவை பற்றிய ஆலோசனையையும் தமிழிலேயே வழங்கின. ஆங்கிலப் படிவத்தை வாய்மொழித் தமிழாக்கி, விடையை மீண்டும் ஆங்கிலமாக்கிய இப்பணி முறையான ஆவணங்களில் சிறிதே இடம்பெற்றுள்ளது. புலம்பெயர் வரலாற்றாய்வு அதன்பால் திரும்ப வேண்டும்.

1996 பிப்ரவரியில் வெளியான ஒழுங்குமுறைகள், நாட்டுக்குள் நுழையும் இடத்திலேயே அடைக்கலம் கோராமல் பின்னர்க் கோரியவர்க்கு ஹவுசிங் பெனிஃபிட் உள்ளிட்ட உதவிகளை நிறுத்தின. ஜூன் மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றைச் செல்லாதவை என்றது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் நாடாளுமன்றம் சட்டமே இயற்றி அவற்றை மீட்டது. அப்போது வழக்குரைஞர்கள் மறக்கப்பட்ட ஓர் ஏட்டைத் திறந்தனர்: 1948ஆம் ஆண்டுத் தேசிய உதவிச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. வேறு வழியில் கவனிப்பும் பராமரிப்பும் கிடைக்காதவர்க்கு உள்ளூராட்சி மன்றம் தங்குமிடம் அளிக்க வேண்டும் என்னும் அப்பிரிவு, பெரும்பாலும் முதியோர் இல்லங்களுக்கே பயன்பட்டு வந்தது. உணவும் உறைவிடமும் அற்ற ஏதிலியும் அதில் அடங்குவார் என்று 1996 அக்டோபரில் உயர்நீதிமன்றம் ஏற்றது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. இவ்வழியை 1999ஆம் ஆண்டுக் குடிவரவு மற்றும் அடைக்கலச் சட்டம் பெரிதும் அடைத்தது. பணத்துக்கு மாற்றாகப் பற்றுச்சீட்டும், விருப்பத்துக்கு இடமற்ற ஊர்ப்பகிர்வும் 2000 முதல் வந்தன.

2008க்குப் பின்

2008 ஏப்ரலில் தனியார் வாடகைதாரர்க்கு உள்ளூர் வாடகைப்படி முறை நாடெங்கும் வந்தது. வட்டார வாடகைகளின் நடுப்புள்ளி உச்ச அளவாயிற்று. தொகை இயல்பாக வாடகைதாரர் கைக்கே சென்றது. 2011இல் நடுப்புள்ளி 30ஆம் நூற்றுமானத்துக்கு இறக்கப்பட்டது. அதாவது, பத்து வீடுகளில் ஏறத்தாழ மூன்று மட்டுமே உதவித்தொகைக்குள் அடங்கும். 2012–13இல் ஹவுசிங் பெனிஃபிட் பெற்றோர் சுமார் 50 லட்சம். செலவு ஏறத்தாழ 2,400 கோடி பவுண்டு. 2013 ஏப்ரலில், சமூக வீடுகளில் ஓர் அறை கூடுதலாக உள்ளது எனக் கருதப்பட்ட உழைக்கும் வயதினர்க்குக் கணக்கில்கொள்ளும் வாடகையில் 14 விழுக்காடும், இரண்டோ அதற்கு மேலோ எனில் 25 விழுக்காடும் குறைக்கப்பட்டன. உழைக்கும் வயதினர்க்கு முன்தேதியிடும் காலம் 2008இல் ஆறு மாதமாகவும், 2016இல் ஒரு மாதமாகவும் சுருங்கியது. செலவுக் குறைப்பு விவாதங்களில் இக்கடைசி மாற்றம் பெரிதாகப் பேசப்படவில்லை. ஆலோசனை மேசையில் அதன் எடை பெரிது.

2013 முதல் படிப்படியாக வந்த யுனிவர்சல் கிரெடிட், உழைக்கும் வயதினரின் வாடகை உதவியை உள்ளூராட்சி மன்றங்களிடமிருந்து எடுத்துத் தன்னுள் அடக்கிக்கொண்டது. விண்ணப்பம் இணையவழி, தொகை மாதம் ஒருமுறை, மாத முடிவில். முதல் தொகைக்கு முதலில் ஆறு வாரக் காத்திருப்பு, 2018 முதல் ஐந்து வாரம். இரண்டு மாத நிலுவை ஏற்பட்டால் வாடகைக்குரிய பகுதியை நேரடியாக வீட்டுரிமையாளர்க்குச் செலுத்துமாறு கேட்கலாம். மாத வாடகையாளர்க்கு எட்டாவது காரணத்தின் அளவும் இரண்டு மாதமாகவே இருந்தது. அலுவலகம் மாறியது, பெயர் மாறியது. இவ்விரு நாள்களும் ஒன்றாகவே நின்றன.

உதவி பெறுவோர்க்கு வீடில்லை என்னும் வீட்டுரிமையாளர் விளம்பரங்கள் ‘நோ டிஎஸ்எஸ்’ என்னும் தொடரால் அறியப்பட்டவை. அவ்வெழுத்துகள் சுட்டும் சமூகப் பாதுகாப்புத் துறை 2001இலேயே மறைந்துவிட்டது, தொடர் மறையவில்லை. 2020 ஜூலையில் யார்க் மாவட்ட நீதிமன்றம் இத்தகைய முழுத்தடை சமத்துவச் சட்டத்துக்கு முரணான மறைமுகப் பாகுபாடு என்று அறிவித்தது. பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் உதவி பெறுவோரில் மிகுதி என்பது அதன் அடிப்படை.

2025 அக்டோபரில் அரச ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டம் இங்கிலாந்தில் எட்டாவது காரணத்தைத் திருத்துகிறது. வார வாடகையாளர்க்கு அளவு மீண்டும் 13 வாரமாகவும், மாத வாடகையாளர்க்கு மூன்று மாதமாகவும் உயர்கிறது. யுனிவர்சல் கிரெடிட்டில் வாடகைக்கு உரிய தொகை இன்னும் வந்து சேராத காரணத்தால் மட்டுமே செலுத்தப்படாமல் நிற்கும் வாடகையை நிலுவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் அத்திருத்தம் கூறுகிறது.